ஜென்னுக்குள் எஸ்டீம் இன்ஜின்

ஜூன் 9, ஞாயிறு

மூன்று பேர் கூடினால் ஒரு கார் வாங்க முடியாது. திருச்சி ரோடு பேக்கரியில் காலையில் உட்கார்ந்தவர்கள் வெயில் ஏறின பிறகுதான் எழுந்தோம். பன் பட்டர் ஜாம் தீர்ந்தது, டீ நாலு சுற்று வந்தது, முடிவு வரவில்லை.

நான் கேட்டது எளிய கேள்வி. என் ஜென் காருக்கு வயதாகிவிட்டது. அதற்குப் பதிலாக, ஓட்டினால் சிரிப்பு வருகிற மாதிரி ஒரு சின்ன வண்டி வேண்டும். ஹேட்ச்பேக். கையால் கியர் போடுவதாக இருக்க வேண்டும். எது வாங்கலாம்? இவ்வளவுதான் கேள்வி.

"டர்போ மேம், வேற பேச்சே இல்ல" என்றாள் நஃபீஸா. பல் டாக்டர், முப்பது வயதுக்காரி. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, பேச்சில் எங்களைவிட சீனியர்.

"டர்போவாம்! காத்தை ஊதிவிட்ட பலூன்" என்றான் இருதயராஜ். "இன்ஜின்னா தானா மூச்சு விடணும் பாப்பா."

இருதயராஜும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. அவன் போத்தனூரில் ரேஸ் வண்டிகளுக்கு இன்ஜின் கட்டிப் பெரிய ஆளாகிவிட்டான், அதை ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லவும் செய்வான். நான் படித்த இடத்திலேயே மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். ஒரு காலத்தில் அவன் கட்டிய ராலி வண்டிகளில் பக்கத்து சீட்டில் மடியில் வரைபடத்தோடு உட்கார்ந்து, அடுத்த வளைவு எப்படி என்று டிரைவருக்குக் கத்திக்கொண்டே போவேன். சைலன்ஸர் இல்லாத வண்டிகள். அந்தச் சந்தோஷம் வேறு.

பேக்கரியில் புதுசாக ஒரு ஃபேன் மாட்டியிருக்கிறார்கள். அந்த இரைச்சலில் இவர்கள் பேசியது பாதி விழவில்லை. கடைசியில் இருதயம் என்னமோ கேட்டான், தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் போன்: "சரின்னுட்டியே வசந்தா! நாளைக்கே ஒரு பழைய எஸ்டீம் கார் இன்ஜின் பாத்துடறேன். உன் ஜென்ல ஏத்திடலாம்."

நான் எதற்குச் சரி என்றேன்?

ஜூன் 11

செய்முறைத் தேர்வில் வாய்மொழிக் கேள்வி. முப்பது பையன்களில் ஒருத்தன்கூட வாயைத் திறந்து பேசவில்லை. எல்லாம் சட்டைப் பொத்தானிடம் முணுமுணுக்கிறார்கள். "சத்தமா சொல்லு" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 15, சனி

சிவப்பு ஹேட்ச்பேக் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். நஃபீஸாவின் டர்போ. அவளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஸ்டியரிங் நன்றாக இருந்தது. கிளட்ச் வெண்ணெய். ஆனால் இன்ஜினுக்குக் குரலே இல்லை. ஒரு இன்ஜின் நம்மோடு பேச வேண்டாமா? அவிநாசி ரோட்டில் மிதித்தேன். வண்டி போகிறது, ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று பின்னாலிருந்து நஃபீஸா, "மேம், கியர்! கியர் மாத்துங்க!" என்று கத்துகிறாள். பார்த்தால் இன்ஜின் சுற்றைக் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வண்டி வாய் பேசாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதற்கு நான் என்ன லைசென்ஸ் வாங்கப் போகிற ஆளா?

ஷோரூமுக்குத் திரும்பி ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பர் தூணில் இடித்தது. பீப் அடித்து எச்சரிக்க வேண்டிய சென்சார் வேலை செய்யவில்லை என்றேன். விற்பனைப் பையன், "அடிச்சுட்டேதான் மேடம் இருந்துச்சு" என்றான். அப்புறம் இன்னும் என்னவோ சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. நஃபீஸா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இதெல்லாம் எனக்குச் சரிப்படாது. இருதயத்துக்குப் போன் செய்து, எஸ்டீம் இன்ஜினுக்குச் சரி என்று இந்த முறை நிஜமாகவே சொல்லிவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

போத்தனூர். ஜென்னின் பழைய இன்ஜினை இறக்கிவிட்டார்கள். முன்பக்கம் பல் பிடுங்கிய வாய் மாதிரி இருக்கிறது. பக்கத்தில் ஸ்டாண்டில் எஸ்டீம் இன்ஜின், 1.3 லிட்டர், கார்புரேட்டர் வைத்தது. ஜென்னுக்கு இது யானைப் பலம்.

சண்டை கம்ப்ரெஷனில் வந்தது. இன்ஜினின் தலைப்பகுதியை அடியில் கொஞ்சம் இழைத்தால், உள்ளே பெட்ரோலும் காற்றும் இன்னும் இறுகும், பலம் கூடும். அளவு மீறி இறுக்கினால் நாக்கிங். பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்னாலேயே வெடித்து, பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி அடிக்கும்.

"ஒம்பதரை மடங்குக்கு மேல இறுக்க வேண்டாம்" என்றான் இருதயம்.

"பத்தரை வை."

"ரேஸ் பெட்ரோலா ஊத்தப் போற? பங்க் பெட்ரோலுக்கு அது தாங்காது."

"பொறி விழற டைமிங்கைப் பாத்து வெச்சாத் தாங்கும். எனக்குப் பாடம் நடத்தாத, நான் அதை நடத்தித்தான் சம்பளம் வாங்கறேன்."

நஃபீஸா, பேசாமல் அந்தச் சிவப்பு வண்டியை வாங்கிவிட்டு இரண்டு பேரும் நிம்மதியாக இருங்கள் என்றாள். இரண்டு பேரும் அவளை முறைத்தோம்.

கடைசியில் அவன் இறங்கி வந்தான். ஒரே நிபந்தனை. "மலையில, பாரம் இழுக்கறப்ப, அந்த நாக்கிங் டிக்டிக் சத்தம் லேசாக் கேட்டாலும் மிதிக்கறதை நிறுத்திட்டு நேரா இங்க வந்துடு. டைமிங்கைப் பின்னால தள்ளித் தர்றேன். உன் காதை நம்பித்தான் வெக்கறேன்."

வைக்கட்டும். என் காதை நம்பியவன் எவனும் கெட்டதில்லை. ஒரு காலத்தில், ஓடுகிற வண்டியில் எந்த வால்வு தட்டுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னவள் நான்.

ஜூலை 3

பருப்பு தீய்ந்தது. குக்கர் விசில் அடிக்கவில்லை. நான் ஹாலில்தான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், அடித்திருந்தால் கேட்டிருக்காதா? என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்தார், அடுப்பை அணைத்தார், போனார். ஒரு வார்த்தை கிடையாது. போன வருஷம் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து இவர் மௌனச் சாமியார் ஆகிவிட்டார். முன்னெல்லாம் லைன்மேன்கள் கதை, கம்பத்தில் ஏறின பாம்பு கதை என்று சாப்பாட்டுத் தட்டு காய்கிற வரைக்கும் பேசுவார். இப்போது நான் ஏதாவது கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

குக்கரை மாற்றிவிட்டேன். புதுசும் சரியில்லை.

ஜூலை 14, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது!

எழுதத் தெரியவில்லை. சிங்காநல்லூர் தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில் மூன்றாவது கியரில் மிதித்தேன். ஸ்டியரிங் வழியாகக் கையில் ஏறுகிறது, சீட் வழியாக முதுகில் ஏறுகிறது. இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு கோபமா! இருதயம் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டே வந்தான். மேட்டில் ஏற்றிப் பார்க்கலாம் என்றால் அவனுக்கு அவசரம், ஓசூரில் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டதாம், மத்தியான ரயில்.

"நீயே மலையேத்திப் பாத்துடு. சத்தம் வந்தா மட்டும்..."

"தெரியும், தெரியும்."

சத்தம் பட்டு மாதிரி இருக்கிறது. ஒரு பிசிறு இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

இவருடைய சித்தப்பா மகன் கோத்தகிரியில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா. ஜென்னில் போனோம். உள்ளே காலை மடக்கினால் முழங்கால் வலிக்கிறது, பஸ்ஸில் போகலாம் என்று பார்த்தார், நான் விடவில்லை.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஆரம்பித்ததும் இவர், "அம்மணி, ஏதோ கேக்குது" என்றார்.

"என்னது?"

"சில்லறைக் காசை டப்பாவுல போட்டுக் குலுக்கற மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. டயர் மாற்றக்கூடத் தெரியாத மனிதர். "உங்க சட்டைப் பாக்கெட்ல பாருங்க" என்றேன். அடுத்த வளைவில் மறுபடியும் சொன்னார். நான் காதைக் கூராக்கிக் கேட்டேன். ஒன்றும் இல்லை, சுத்தமாக ஒன்றும் இல்லை. "சைலன்ஸர் மேல இருக்கற தகரம் ஆடும், அது அப்படித்தான்." மூன்றாவது தடவை சொன்னபோது எரிச்சல் வந்துவிட்டது. "நீங்க ஓட்டறீங்களா, நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டேன். அப்புறம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலே போய்ச் சேருகிற வரை தேயிலைத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

உச்சியில் இழுவை கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது. பெட்ரோல் கலப்படமாக இருக்கும்.

ஜூலை 28, ஞாயிறு

இன்ஜின் போய்விட்டது.

மறுபடியும் மேட்டுப்பாளையம் ரோடு. இவரை அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வேகமாகத்தான் போனேன், இல்லையென்று சொல்லவில்லை. காரமடைக்கு முன்னால் வண்டி ஒரு உதறு உதறியது. பின்னால் முழுக்கப் புகை, கண்ணாடியில் ரோடே தெரியவில்லை. இடது ஓரத்துக்கு ஒடித்தேன். அந்த நொடியில் ஒரு மொபெட் எங்கள் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போய்ச் சரிந்தது. ஓட்டி வந்தவர் ஐம்பது வயசு ஆள், பின்னால் அவர் மனைவி. அந்தம்மா மண்ணில் உட்கார்ந்த வாக்கில் விழுந்ததால் தப்பித்தார். ஓட்டி வந்தவருக்கு முழங்கையில் தோல் உரிந்து இரத்தம்.

"ஹாரன் அடிச்சுட்டே வந்தேனுங்களே! காது கேக்காதுங்களா உங்களுக்கு?" என்றார்.

நீங்கள் அடிக்கவே இல்லை என்று சொன்னேன். ரோட்டில் நின்று அடிபட்ட மனிதரோடு வாதாடினேன். இவர்தான் அவர்களை ஆட்டோவில் ஏற்றி, கூடவே போய்க் கட்டுப் போட்டுவிட்டு வந்தார். நான் வண்டிப் பக்கத்தில் நின்றேன். அடியில் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன், "அவர் ஹாரன் அடிச்சாரா?"

"அதை விடு அம்மணி. அவங்களுக்குப் பெருசா ஒண்ணுமில்ல."

ஜூலை 30

இருதயத்துக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். எங்கள் கார்க் கூட்டத்தின் மெசேஜ் குரூப்பில் எல்லாரும் வாழ்த்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் எழுதினேன்: பிஸ்டனுக்கு இடைவெளி சரியாக விடாமல் இன்ஜின் கட்டினால் இதுதான் கதி, பெரிய பெயர் இருந்தால் மட்டும் போதாது, இரண்டு உயிர் போயிருக்கும்.

குரூப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் அவனிடம் வேலை கொடுக்கிறவர்கள்.

நஃபீஸா போன் செய்தாள். "மேம், பிரிச்சுப் பாக்காம எப்படி எழுதுனீங்க?" என்றாள். போனை வைத்துவிட்டேன். என்ன, நேற்று வந்த பெண் எனக்குச் சொல்கிறதா?

இருதயம் வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வர ஆள் அனுப்பினான்.

ஆகஸ்ட் 3, சனி

போத்தனூர் பட்டறைக்கு இவரும் கூட வருகிறேன் என்றார். ஆச்சரியம். அந்தப் பட்டறைப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவர்.

இருதயம் எனக்காக எதையும் தொடாமல் வைத்திருந்தான். "நீயே இருந்து பாரு" என்று என் முன்னாலேயே பிரித்தான். நஃபீஸாவும் இருந்தாள். நாலாவது பிஸ்டனை வெளியே எடுத்துத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்தான்.

நான் இதைப் படமாகப் போர்டில் வரைந்திருக்கிறேன். வருஷா வருஷம் வரைகிறேன். தலையில் அம்மை போட்ட மாதிரி குழிகள், ஓரம் உருகி ஒழுகியிருக்கிறது, வளையம் உட்காருகிற விளிம்பு உடைந்திருக்கிறது. இடைவெளிக் கோளாறென்றால் பக்கவாட்டில் உரசல் கோடு இருக்கும். ஒரு கோடுகூட இல்லை.

"நாக்கிங்" என்றான். "இது ஒரே நாள்ல ஆகறதில்ல வசந்தா. கிலோமீட்டர் கணக்கா அடிச்சிருக்கு. சத்தமே வரலையா?"

"வரலை."

"வராம எப்படி இருக்கும்? காசைக் குலுக்கற மாதிரி வந்திருக்கணுமே?" இவர் பக்கம் திரும்பினான். "நீங்க கூட இருந்தீங்களே, உங்களுக்குக் கேட்டுச்சா?"

இவர் என்னைப் பார்த்தார். கையில் பிஸ்டனோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இல்லீங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க" என்றார்.

இருதயம் உட்கார்ந்துவிட்டான். "அப்ப என் தப்புதான் போல. எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்" என்றான். முப்பத்தைந்து வருஷத்தில் அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது இவரிடம் பொரிந்து தள்ளினேன். "எதுக்குப் பொய் சொன்னீங்க? நீங்கதான மூணு தடவை சொன்னீங்க?" அவர் ஏதோ பதில் சொன்னார். ஆட்டோ சத்தத்தில் விழவில்லை. "என்ன?" என்றேன். மறுபடி சொன்னார். விழவில்லை. "என்னங்க சொல்றீங்க?"

"ஒண்ணுமில்ல அம்மணி."

இந்த "ஒண்ணுமில்ல" எத்தனை நாளாக என் வீட்டில் குடியிருக்கிறது? வீடு வருகிற வரைக்கும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த ஆட்டோவில் டிரைவரோடு இவர் சாதாரணக் குரலில் பேசினார், அந்த ஆள் திரும்பிப் பார்க்காமலேயே பதில் சொன்னார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நஃபீஸாவுக்குப் போன் செய்தேன். நான் விஷயத்தைச் சொல்வதற்கு முன்னாலேயே, "எப்ப மேம் போலாம்? நான் கூட வர்றேன்" என்றாள். ஷோரூமில் அந்தத் தூணை இடித்த அன்றைக்கே அவளுக்குத் தெரியுமாம். "சொன்னா அடிப்பீங்கன்னு பயம்." அடித்திருப்பேன்தான்.

காது ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் அடைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கிறபோதெல்லாம் அழுத்த வேண்டும். முதலில் கொஞ்சம் கேட்டது. அழுத்தினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. இயந்திரம் நின்றுவிட்டதென்று கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் தலையை அசைத்து, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று சைகை காட்டினாள்.

வரைபடம் கொடுத்தாள். கோடு பாதி தூரம் சமதரையில் போய், பிறகு மலையிலிருந்து விழுகிற மாதிரி விழுகிறது. கனத்த சத்தங்கள் எனக்கு விழுமாம். மெல்லிய, கூரான சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன. குக்கர் விசில், சென்சார் பீப், உலோகம் தட்டுகிற டிக்டிக். பேச்சில் ச, த, ப மாதிரி எழுத்துகள். அதனால்தான் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள்.

"சத்தமான இடத்துல வேலையாங்க மேடம்?"

முப்பது வருஷம் கல்லூரியின் மெஷின் ஷாப். அதற்கு முன்னால் சைலன்ஸர் இல்லாத வண்டிகள். சொன்னேன்.

"கொஞ்ச வருஷமாவே இப்படித்தான் இருந்திருக்கும். வீட்டுல யாரும் சொல்லலைங்களா?"

ஆகஸ்ட் 6

கல்லூரிக்கு லீவு போட்டேன். எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, சனி

போத்தனூர் போனேன். தனியாக, பஸ்ஸில். இருதயம் இன்னொருவர் வண்டிக்கு வால்வு பொருத்திக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். சத்தம் வந்தது, இவர் சொன்னார், நான் கேட்கவில்லை, எனக்குக் கேட்காது, இதோ வரைபடம். அவன் வரைபடத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

நான் எதிர்பார்த்தது, அட விடு வசந்தா என்பான் என்று. அவன் சொன்னது வேறு.

"அந்த மெசேஜைப் பாத்துட்டு ரெண்டு பேரு அவங்க இன்ஜினைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பேத்தியைக் கையில வாங்கிட்டு நிக்கறேன், போன்ல நீ எழுதுனது வருது. இங்க வந்து ரகசியமாச் சொன்னா ஆச்சா? எங்க எழுதினியோ அங்க எழுது."

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. அவ்வளவு சத்தமாகச் சொன்னான்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதினேன். நீளமாக எழுதினேன், அழித்தேன். காரணமெல்லாம் எடுத்துவிட்டேன். கடைசியில் போட்டது: "இருதயராஜ் கட்டிய இன்ஜினில் எந்தத் தப்பும் இல்லை. பத்தரைக்குப் பிடிவாதம் பிடித்தது நான். நாக்கிங் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் காது கேட்பதில்லை. அவன்மேல் நான் எழுதியது பொய். வசந்தாமணி."

நாற்பது பேரும் பார்த்துவிட்ட நீலக்குறி வந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன்.

அந்த மொபெட்காரருக்கும் பேசினேன். நம்பரை இவர் வாங்கி வைத்திருந்தார். "நீங்க ஹாரன் அடிச்சீங்க, எனக்குத்தான் கேக்கலீங்க" என்றேன். "அட, அதுக்காகவா கூப்டீங்க?" என்று சிரித்தார். சிரித்தது கேட்டது.

ஆகஸ்ட் 19, திங்கள்

கருவி வந்துவிட்டது. இரண்டு காதிலும். முடியவில்லை!

செய்தித்தாளைப் புரட்டினால் தகரக் கூரை பறக்கிற மாதிரி இருக்கிறது. என் செருப்பு இத்தனை நாளாக இப்படியா கத்திக்கொண்டிருந்தது? முறுக்கைக் கடித்தேன், பயந்து துப்பிவிட்டேன். பழைய குக்கரும் புதுக் குக்கரும் இரண்டுமே பிரமாதமாக விசிலடிக்கின்றன. வகுப்பில் மூன்றாவது பெஞ்சுப் பையன் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் தெரிந்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 21

இந்த மௌனச் சாமியார் பேசுகிறார்! காலையில் குளியலறையிலிருந்து வருகிறேன், தோட்டத்தில் பேச்சுக்குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஆளே இல்லை. மாதுளஞ்செடியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், போன வருஷம் இதே மாதம் நீ எப்படி இருந்தாய் தெரியுமா என்று. பால்காரம்மாவிடம் வாசலில் அரை மணி நேரம். அந்தக் கம்பத்துப் பாம்புக் கதையை அந்தம்மாவுக்குச் சொல்கிறார். எனக்கு அதைச் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சாப்பிடும்போது கேட்டேன். "எங்கிட்ட மட்டும் ஏன் பேசறதை நிறுத்திட்டீங்க?"

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தயிரைப் பிசைந்துகொண்டே நிதானமாகச் சொன்னார்.

"நிறுத்தணும்னு இல்ல அம்மணி. ஒண்ணைச் சொன்னா 'என்ன'ம்பே. திருப்பிச் சொன்னா மறுபடியும் 'என்ன'ம்பே, மூஞ்சியைச் சுளிச்சுட்டு. மூணாவது தடவை சொல்றப்ப, அது சத்தம் போட்டுச் சொல்ற அளவுக்குப் பெரிய விஷயமா இருக்கறதில்ல. மாதுளை பூத்திருக்குதுங்கறதை ஊருக்கே கேக்கற மாதிரி எப்படிக் கத்தறது?"

"காது பாக்கச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். ரெண்டு தடவை."

எனக்குத்தான் கேட்டிருக்கவில்லை.

"அன்னிக்குப் பட்டறையில ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ அந்த பிஸ்டனைப் பிடிச்சுட்டு நின்ன நிலைமையில, எனக்குக் கேட்டுச்சுன்னு எப்படிச் சொல்வேன்? பாவம், இருதயராஜ்கிட்ட நான் தனியா ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

கையைக் கழுவுவதற்கு எழுந்து போய்விட்டேன். குழாயை ரொம்ப நேரம் திறந்து விட்டிருந்தேன். அந்தச் சத்தம் காதைப் பிளந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சிவப்பு வண்டியை மறுபடி ஓட்டினேன். அதே விற்பனைப் பையன், தூணுக்குத் தூரமாக வண்டியை நிறுத்தி வைத்திருந்தான்.

ஷோரூம் வாசலில் இருதயம் நிற்கிறான். நஃபீஸா வரச் சொல்லியிருக்கிறாள். "டர்போன்னா என்னன்னு பாக்க வந்தேன், உனக்காக வரலை" என்றான். பின்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இவரை முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். முழங்காலுக்கு இடம் தாராளம் என்று காலை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

அந்த வண்டிக்குக் குரல் இருக்கிறது. பெரிய குரல் இல்லை, மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு மெல்லிய குரல். மூவாயிரம் சுற்றுக்கு மேல் அதற்கு ஒரு உற்சாகம் வருகிறது. சரியாக மாற்ற வேண்டிய இடத்தில் கியரை மாற்றினேன், முள்ளைப் பார்க்காமல். பெல்ட் போடச் சொல்லிக் கத்துகிற பீப்பை மட்டும் எவன் கண்டுபிடித்தானோ, அவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"எப்படி?" என்றேன் பின்பக்கம் பார்த்து.

"பலூன்தான்" என்றான் இருதயம். கொஞ்ச தூரம் போய், "நல்ல பலூன்" என்றான்.

நஃபீஸா வெற்றிச் சிரிப்பு சிரித்தாள். இனி ஆறு மாசம் தாங்க முடியாது. ஜென் இன்னும் அவன் பட்டறையில்தான் இருக்கிறது. அதைக் கட்டித் தருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு போ என்றும் சொல்லவில்லை. குரூப்பில் அந்த இரண்டு பேரில் ஒருத்தர் இன்ஜினைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். இன்னொருத்தர் வரவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

வாங்கியே விட்ட சிவப்பு வண்டியில் முதல் நீண்ட பயணம். பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு வரை. நானும் இவரும் மட்டும்.

கிளம்பினதிலிருந்து பேசுகிறார். கிணத்துக்கடவு வருவதற்குள் பென்ஷன் ஆபீஸ் கதை முடிந்தது. அடுத்து சித்தப்பா மகனின் புது வீட்டில் தண்ணீர் ஒழுகுவது. அதற்கடுத்து கோமங்கலத்தில் எவரோ ஒருவர் கிணறு தோண்டி, அதற்குக் கரண்ட் கனெக்ஷன் வாங்க இவரிடம் வந்து நின்ற கதை. ஒரு வருஷத்துப் பேச்சு உள்ளே சேர்ந்திருக்கும் போல. ஓட்ட விடுகிறாரா இந்த மனிதர்?

ஆழியாறு நெருங்கும்போது அருமையான ரோடு வந்தது. இரண்டு பக்கமும் தென்னை, வளைவுகள், எதிரே வண்டியே இல்லை. மூன்றாவது கியரில் மிதித்தேன். அந்த மூக்குக் குரல் மேலே ஏறுகிறது.

"ஏனுங்க, கொஞ்சம் சும்மா வாங்களேன்" என்றேன்.

உடனே நிறுத்திவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு வளைவு. இன்ஜின் பிரமாதமாகப் பாடியது. மூன்றாவது வளைவில் எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் கிணத்துக்காரர் அப்புறம் என்ன பண்ணினார்?"

திரும்பிப் பார்த்தார். "நெசமாத்தான் கேக்கறியா?"

"சொல்லுங்க."

முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது கியரில் போக வேண்டிய ரோடு அது. நான்காவதுக்கு மாற்றிவிட்டேன். அதில்தான் இன்ஜின் சத்தம் கொஞ்சம் குறைகிறது.